ரோய்ஷ்லிங்: புளிப்பால் பிழைத்த திராட்சை

சூரிக் நகரத்தை ஒட்டி மேற்கே இருக்கும் ஷ்லீரன், சுற்றுலாப் பயணிகள் இறங்கிப் பார்க்கிற ஊர் அல்ல. ரயில் பெட்டியும் மின்தூக்கியும் செய்த பெரிய தொழிற்சாலை ஒன்று இங்கே 1985 வரை ஓடியது. 1898-இல் தொடங்கிய எரிவாயு ஆலை, 1974 வரை நிலக்கரியைச் சுட்டு சூரிக் வீடுகளின் அடுப்புகளுக்கு வாயு அனுப்பியது. ஆலைகள் போன இடத்தில் இப்போது மருந்து ஆராய்ச்சி நிறுவனங்கள் வந்துவிட்டன. ஆனால் ஊருக்கு வடக்கே ஓடும் லிம்மாட் ஆற்றைத் தாண்டிவிட்டால் காட்சியே வேறு. 1130-இல் நிறுவப்பட்ட ஃபார் கன்னியர் மடம், தனக்கென்று ஒரு திராட்சைத் தோட்டத்தோடு நிற்கிறது. அதையடுத்து வைனிங்கன் கிராமத்துச் சரிவுகளில் வரிசை வரிசையாகக் கொடிகள். ஆற்றோடு நகரத்தை நோக்கி நடந்தால் ஹோங் வரும். அங்கே ட்ஸ்வைஃபல் குடும்பம், தாங்கள் திராட்சை பயிரிடத் தொடங்கிய 1440 என்ற ஆண்டைத் தங்கள் ஒயின் தொழிலின் பெயராகவே வைத்திருக்கிறது. (அந்தக் குடும்பத்தின் ஒயினைவிட உருளைக்கிழங்கு சிப்ஸ்தான் சுவிஸ் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும் என்பது வேறு விஷயம்.)

ஒரே பள்ளத்தாக்கு, ஒரே மழை, ஒரே குளிர். பிறகு ஏன் ஒயின் தோட்டங்கள் வடகரையில் குவிந்தன, ஆலைகள் தென்கரைக்கு வந்தன? ஆலைக்குச் சமதரையும் ரயில் பாதையும் வேண்டும். அது எளிய பதில். திராட்சையின் பதிலுக்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

ஷ்லீரன் இருப்பது ஏறக்குறைய 47.4 டிகிரி வட அட்சத்தில். திராட்சை பழுக்கும் செப்டம்பர் கடைசியில், நண்பகலில்கூடச் சூரியன் அங்கே அடிவானிலிருந்து 42 அல்லது 43 டிகிரி உயரத்துக்குமேல் ஏறாது. வெயில் சாய்ந்தே விழுகிறது. சமதரையில் அது பரவி மெலிந்துபோகும். நிலமே தெற்கு நோக்கி 20 டிகிரி சரிந்திருந்தால், அதே வெயில் இன்னும் நேராக விழும். சமதரையைவிட மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அதிக வெப்பம் கிடைக்கும். வடக்கு நோக்கி அதே 20 டிகிரி சரிந்த நிலத்தோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்குக்கும் மேல். லிம்மாட்டின் வடகரை தெற்கே பார்க்கிறது, தென்கரை வடக்கே பார்க்கிறது. கதை அவ்வளவுதான்.

இதே கணக்கைத் தேனி மாவட்டம் கம்பத்துக்குப் போட்டால் ஒன்றுமில்லாமல் போகும். அங்கே அதே நாளில் சூரியன் 80 டிகிரி உயரத்தில் நிற்கும். சமதரைக்கும் தெற்குச் சரிவுக்கும் வித்தியாசமே இல்லை. அதனால்தான் கம்பத்தில் எவரும் சரிவு தேடுவதில்லை; சமநிலத்தில் பந்தல் போட்டுக் கொடியை மேலே படர விடுகிறார்கள். கொடிக்கு அங்கே குளிர்கால உறக்கமும் கிடையாது. கவாத்து செய்த கணக்கில் மறுபடி துளிர்த்து ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை காய்க்கிறது. சூரிக்கில் ஒரே ஒரு காய்ப்புதான். ஏப்ரலில் துளிர், ஜூனில் பூ, பூத்து ஏறத்தாழ 100 நாள் கழித்து அறுவடை. நடுவில் ஒரு இரவு உறைபனி விழுந்தால் அந்த ஆண்டு போயிற்று. 2017 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் பல பகுதிகளில் நடந்தது அதுதான்.

வெயிலுக்குச் சரிவு போதும். உறைபனிக்கு நீர் வேண்டும். அந்த வகையில் லிம்மாட் ஆறு புறப்படும் சூரிக் ஏரி இன்னும் நல்ல இடம். 136 மீட்டர் வரை ஆழமுள்ள ஏரி கோடை முழுக்க வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். இலையுதிர் காலத்திலும் குளிரிலும் மெல்ல மெல்ல விடும். ஏரி முழுதும் உறைந்து மக்கள் அதன்மேல் நடந்தது கடைசியாக 1963-இல். ஏரியின் வலக்கரை தென்மேற்கைப் பார்க்கிறது. பிற்பகல் வெயில் முழுசாகக் கிடைக்கும். பணக்காரர்களின் மாளிகைகளால் அந்தக் கரைக்குத் தங்கக் கரை என்றே பெயர். ஒரு சதுர மீட்டர் மனை என்ன விலை போகும் என்று யோசித்தால், அங்கே இன்னும் திராட்சை வைத்திருப்பவர்களை விவசாயிகள் என்பதா பிடிவாதக்காரர்கள் என்பதா என்று தெரியவில்லை.

அந்தக் கரையில் மைலன் என்ற ஊர். ஷ்லீரனிலிருந்து ரயிலில் சூரிக் போய், ஏரிக்கரையோடு இன்னும் சற்றுத் தூரம் போனால் வந்துவிடும். தொல்லியல் படித்தவர்களுக்கு இந்த ஊர் தெரிந்திருக்கும்: 1854-இல் ஏரி நீர் வற்றியபோது கற்கால மக்கள் நட்ட மரத்தூண்கள் இங்கேதான் வெளியே தெரிந்தன. ஒயின் தெரிந்தவர்களுக்கு மைலன் என்றால் ஷ்வார்ட்சன்பாக் குடும்பம். 1912 முதல் அவர்கள் இங்கே திராட்சை பயிரிட்டு ஒயின் செய்கிறார்கள். சிவப்பும் செய்கிறார்கள், ஆனால் பெயர் வாங்கித் தந்தது வெள்ளை ஒயின். குறிப்பாக ரோய்ஷ்லிங் என்ற ஒரு பழைய திராட்சையில், ஸேஹால்டன் என்ற சரிவில் விளைந்தது. சுவிஸ் ஒயின்கள் எத்தனை ஆண்டு தாங்கும் என்று புட்டிகளைக் காத்து வைத்துச் சோதிக்கும் 'மெமுவார் தே வான் சுவிஸ்' என்ற அமைப்பு 2002-இல் தொடங்கப்பட்டது. நாடு முழுவதிலுமிருந்து அது பொறுக்கி எடுத்த ஒயின்களில் இந்த ஸேஹால்டன் ரோய்ஷ்லிங்கும் ஒன்று.

உலகம் முழுக்கச் சேர்த்தாலும் ரோய்ஷ்லிங் பயிராகும் நிலம் இருபத்துச் சொச்சம் ஹெக்டேர்தான். அதிலும் பெரும்பகுதி சூரிக்கைச் சுற்றியே. இப்படி அருகிப்போன திராட்சைக்கு ஏன் இந்த மதிப்பு? அபூர்வம் என்பதால் மட்டும் அல்ல. காரணம் புளிப்பு.

திராட்சையின் புளிப்பு முக்கியமாக இரண்டு அமிலங்களால் வருவது. ஒன்று டார்டாரிக் அமிலம். நம் வீட்டுப் புளியின் புளிப்பும் இதுவேதான். பழங்களில் இந்த அமிலத்தைப் பெருமளவில் சேர்த்து வைப்பவை மிகச் சில. புளியும் திராட்சையும் அவற்றில் முதன்மை. பழம் எவ்வளவு கனிந்தாலும் இந்த அமிலத்தை அது செலவழிப்பதில்லை. புளியம்பழம் நன்றாகப் பழுத்து இனிப்பு ஏறிய பிறகும் புளியாகவே இருப்பதன் ரகசியம் அதுதான். இன்னொன்று மாலிக் அமிலம், பச்சை ஆப்பிளில் நாக்கைச் சுண்டுகிற அமிலம். இது வேறு குணம். காய் பழமாகத் தொடங்கியதும் திராட்சை மாலிக் அமிலத்தைத் தன் சுவாசத்துக்கு எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. வெப்பம் கூடினால் எரிப்பும் கூடும். பகலில் மட்டும் அல்ல, இரவிலும்.

இங்கேதான் குளிர்நாட்டுத் தோட்டத்துக்கு லாபம். பகல் வெயிலில் இலைகள் சர்க்கரை சேர்க்கின்றன. ஏரிக்கரையில் செப்டம்பர் இரவு 10 டிகிரியை ஒட்டி இறங்கிவிடுவதால் புளிப்பு எரியாமல் மிஞ்சுகிறது. கம்பத்துப் பன்னீர் திராட்சையில் இரவும் வெதுவெதுப்பு. மாலிக் வேகமாகக் கரைந்துபோகும், இனிப்பும் மணமும் முன்னே வரும். கடித்துத் தின்ன அதுவே நல்லது. ஆனால் வெள்ளை ஒயினுக்கு அது போதாது.

ஏன் போதாது என்பதற்கு, வெள்ளை ஒயின் செய்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பு ஒயினில் சாறு தோலோடும் விதையோடும் ஊறி நொதிக்கிறது. தோலிலிருந்து இறங்கும் துவர்ப்புப் பொருள்கள் ஒயினைக் காற்றின் தாக்குதலிலிருந்து ஓரளவு காக்கும். வெள்ளைக்குப் பழத்தைப் பிழிந்தவுடன் தோலை நீக்கிவிடுகிறார்கள். சாறு மட்டும் நொதிக்கிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரைக்கு ஒரு சதவீதம் ஆல்கஹால் என்ற கணக்கில் ஈஸ்ட் அதை மாற்றிவிடும். கடைசியில் கையில் இருப்பது துவர்ப்பின் துணையில்லாத ஒயின். அதைத் தாங்கிப் பிடிக்க மிச்சமிருப்பது புளிப்புதான்.

இது சுவைக்கு மட்டும் ஆன பேச்சு அல்ல, வேதியியலிலும் அப்படியே. ஒயின் கெடாமல் இருக்க உலகெங்கும் சிறிதளவு கந்தக டை ஆக்சைடு சேர்க்கிறார்கள். ஒயினில் கரைந்ததும் அதன் பெரும்பகுதி வேறு வடிவத்துக்கு மாறிவிடும். மாறாமல் மூலக்கூறாக நிற்கும் சிறு பங்குதான் நுண்ணுயிரிகளின் செல்லுக்குள் நுழைந்து அவற்றை அடக்கும். அந்தப் பங்கு எவ்வளவு என்பதைப் புளிப்பு தீர்மானிக்கிறது. அமில அளவுகோலில், அதாவது பி.எச். கணக்கில், 3.0 உள்ள ஒயினில் அது சுமார் 6 சதவீதம். 3.5 உள்ள ஒயினில் 2 சதவீதம். எண் கொஞ்சம்தான் மாறியது. காவல் மூன்றில் ஒன்றாகிவிட்டது. நல்ல புளிப்புள்ள வெள்ளை ஒயின் பல பத்தாண்டுகள் நிலைப்பதும், புளிப்பில்லாதது சீக்கிரம் சோர்வதும் பெரும்பாலும் இதனால்.

ரோய்ஷ்லிங்குக்குப் புளிப்பு பிறவிச் சொத்து. மரபணு ஆய்வின்படி அதன் பெற்றோர் ட்ராமினர், கூவே என்ற இரண்டு பழைய வகைகள். ட்ராமினர் மேட்டுக்குடி. கூவே, ஐரோப்பாவில் குடியானவர்களின் மட்டமான திராட்சை என்று பல நூற்றாண்டுகள் இகழப்பட்டது. நிறைய காய்க்கும், புளிக்கும், அவ்வளவே. அந்தக் கூவேயும் பினோ என்ற திராட்சையும் கலந்த வழியில்தான் ஷார்டனே உள்ளிட்ட பல புகழ்பெற்ற வகைகள் பிறந்தன என்று 1999-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு காட்டியபோது, ஒயின் பிரியர்கள் பலருக்கு அது ஜீரணமாகவில்லை. ரீஸ்லிங்கின் பெற்றோரில் ஒன்றும் கூவேதான். ஆக ரோய்ஷ்லிங்கும் ரீஸ்லிங்கும் ஷார்டனேயும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளோ, ஒரு தகப்பன் மக்களோ. இரண்டு உடன்பிறப்புகள் உலகம் சுற்றின. ஒன்று சூரிக் ஏரிக்கரையிலேயே தங்கிவிட்டது.

தங்கியது மட்டும் அல்ல, அழியவும் பார்த்தது. 1880-களில் சூரிக் மாநிலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் அதிகமான திராட்சைத் தோட்டங்கள் இருந்தன. பிறகு வேரை உறிஞ்சும் பைலாக்சரா பூச்சி, அமெரிக்காவிலிருந்து வந்த இலைப் பூஞ்சை, ரயிலில் வந்திறங்கிய மலிவான அயல் ஒயின், ஷ்லீரனைப் போன்ற ஊர்களில் எழுந்த ஆலைகள் தந்த நிலையான கூலி எல்லாம் ஒன்றுசேர்ந்தன. இன்று மிஞ்சியிருப்பது சுமார் 600 ஹெக்டேர். மிஞ்சிய நிலத்திலும் ரோய்ஷ்லிங்குக்கு இடம் குறைந்தது. அதன் தோல் மெல்லியது. அறுவடைக்கு முன் மழை பெய்தால் வெடித்து அழுகும். பூக்கும் காலத்தில் குளிர்ந்தால் பிஞ்சு நிற்காது. குளிர்ந்த ஆண்டில் புளிப்பு பல்லைக் கூச வைக்கும். பயிரிடுகிறவன் நிலையிலிருந்து பார்த்தால் அதைப் பிடுங்கியது தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதன் இடத்தைப் பெருமளவு பிடித்த திராட்சைக்கு ஒரு விஞ்ஞானியின் பெயர் உண்டு. ஹெர்மன் முல்லர், 1850-இல் துர்காவ் மாநிலத்தில் பிறந்தவர். ஊரில் முல்லர்கள் ஏராளம் என்பதால் மாநிலத்தின் பெயரையும் சேர்த்து முல்லர்-துர்காவ் ஆனார். ஜெர்மனியின் கைசன்ஹைமில் 1882-இல் ரீஸ்லிங்கின் தரத்தையும் சில்வானர் சீக்கிரம் பழுப்பதையும் ஒன்று சேர்க்கும் நோக்கில் ஒட்டுச் சேர்க்கை செய்தார். மைலனிலிருந்து பார்த்தால் ஏரியின் மறுகரையில் உள்ள வேடன்ஸ்வில்லில் புதிதாகத் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்துக்கு 1891-இல் இயக்குநராக வந்தபோது அந்த நாற்றுகளும் பின்னாலேயே வந்தன. அவற்றில் 58-ஆம் எண் நாற்று தேறியது. சீக்கிரம் பழுக்கும், நிறைய காய்க்கும், புளிப்பு மிதம். உலகம் அதை முல்லர்-துர்காவ் என்கிறது. அவருடைய சொந்த நாட்டில் மட்டும் இன்றும் ரீஸ்லிங்-சில்வானர் என்ற பெயரே அதிகம் புழங்குகிறது.

வேடிக்கை என்னவென்றால், அதில் சில்வானர் துளியும் இல்லை. முல்லர் 1927-இல் இறந்தார். 2000-ஆம் ஆண்டில் மரபணு ஆய்வு சொன்னது: ஒரு பெற்றோர் ரீஸ்லிங், சரி, மற்றொன்று மாதலைன் ருவாயால் என்ற, தின்பதற்கான திராட்சை. இந்த மாதலைன், பினோவுக்கும் ட்ரோலிங்கர் என்ற திராட்சைக்கும் பிறந்தது. இப்போது கம்பத்துக்கு வருவோம். நம் பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மஸ்கட் ஹாம்பர்க்கின் பெற்றோரில் ஒன்று அதே ட்ரோலிங்கர். ஆக, சூரிக் ஏரிக்கரையின் முல்லர்-துர்காவுக்குக் கம்பத்துப் பன்னீர், பெற்றோரின் உடன்பிறப்பு. சித்தியா, மாமனா என்று முறை சொல்லத்தான் முடியாது. திராட்சைப் பூவில் பெரும்பாலும் இரு பாலும் ஒன்றாகவே இருக்கும்.

முல்லர் திராட்சை வளர்த்ததோடு நிற்கவில்லை. ஒயின் நொதித்து முடிந்த பிறகு அதன் புளிப்பு தானாகக் குறைவது பாக்டீரியாவின் வேலை என்று விளக்கியவர்களில் அவர் முன்னோடி. மாலிக் அமிலத்தை அந்த பாக்டீரியா லாக்டிக் அமிலமாக, அதாவது தயிரில் இருக்கும் மென்மையான அமிலமாக மாற்றுகிறது. கூர்மையான ரோய்ஷ்லிங்கை அடக்க இது ஒரு வழி. எவ்வளவு அடக்குவது, எப்போது நிறுத்துவது என்பதில்தான் ஒயின் செய்பவரின் கைவண்ணம் தெரியும். முழுக்க அடக்கினால் ஏரிக்கரையின் குணமே போய்விடும்.

வேடன்ஸ்வில் ஆராய்ச்சி நிலையம் இன்று அக்ரோஸ்கோப் என்ற அரசு நிறுவனத்தின் ஒரு பகுதி. அங்கே நுண்ணுயிரியலாளர் யூர்க் காஃப்னர் செய்த ஒரு வேலையை நினைத்தால் வியப்பாக இருக்கும். 1895-ஆம் ஆண்டு ரோய்ஷ்லிங் புட்டி ஒன்றை, நூறாண்டுக்கும் மேல் கழித்து, ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். லூயி பாஸ்டர் இறந்த ஆண்டு அது. அந்த ஒயினில் உயிரோடு ஈஸ்ட் இருந்தது. உணவு தீர்ந்து, ஆல்கஹாலும் அமிலமும் சூழ்ந்து, மூடிய கண்ணாடிக்குள் ஒரு நூற்றாண்டு. ஈஸ்ட் செல் இப்படிப்பட்ட நிலையில் பெருகுவதை நிறுத்தி, செலவைக் குறைத்து, ஒடுங்கிக் கிடக்கும் என்பது ஆய்வுக்கூடத்தில் தெரிந்த விஷயம்தான். ஆனால் இவ்வளவு காலம் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். எழுப்பிச் சர்க்கரை கொடுத்தபோது அது மறுபடி நொதித்தது. '1895 சி' என்ற பெயரில் அந்த ஈஸ்ட் இன்று ஒயின் செய்பவர்களுக்கு விற்பனைக்கே கிடைக்கிறது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஆய்வுக்கூடம் அல்ல. குடித்துத் தீர்க்க வேண்டிய ஒன்றைக் குடிக்காமல் ஒரு புட்டி எடுத்து வைத்த அந்த ஏரிக்கரைப் பழக்கம்தான். அரசின் உத்தரவோ அறிவியலின் வேண்டுகோளோ அதற்குப் பின்னால் இருந்திருக்க முடியாது. அந்த ஆண்டு அறுவடை நன்றாக இருந்தது, அடுத்த தலைமுறை சுவைத்துப் பார்க்கட்டும் என்ற எண்ணம்கூடப் போதும்.

இப்போது காலநிலை, பழைய கணக்கைத் தலைகீழாக்குகிறது. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் சுவிட்சர்லாந்து 2.5 டிகிரிக்கும் மேல் சூடேறியிருக்கிறது. உலகச் சராசரியைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகம். அக்டோபரில் பறித்த பழத்தைச் செப்டம்பரிலேயே பறிக்கிறார்கள். சீக்கிரம் பழுக்க வேண்டும், புளிப்பு குறைய வேண்டும் என்று முல்லர் உண்டாக்கிய திராட்சை, வெப்பமான ஆண்டுகளில் புளிப்பே இல்லாமல் சப்பென்று ஆகிவிடும். புளிப்பு அதிகம் என்று பிடுங்கி எறியப்பட்ட ரோய்ஷ்லிங்கோ, அதே வெப்பத்தில் நன்றாகப் பழுத்தும் புளிப்பைக் கைவிடாமல் நிற்கிறது. நூறாண்டுக்கு முன் அதன் குறை என்று எழுதியதை இன்றைய வல்லுநர்கள் அதன் சிறப்பு என்று எழுதுகிறார்கள். மெல்லிய தோல் மட்டும் இன்னும் குறையாகவே இருக்கிறது; மழைக்கு அது என்றும் அஞ்ச வேண்டும். ஷ்வார்ட்சன்பாக் போன்ற சில குடும்பங்கள் அந்தக் கொடியை விடாமல் வைத்திருந்ததால்தான் இந்தத் திருப்பத்தைப் பார்க்க முடிந்தது. அவர்கள் வெப்பமயமாதலை முன்கூட்டி அறிந்து செய்ததல்ல. அந்தச் சுவை பிடித்திருந்தது.

இந்த ஒயினைத் தேடி இங்கே கடைகளில் அலைய வேண்டாம். சுவிட்சர்லாந்து தன் ஒயினில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குக்குமேல் ஏற்றுமதி செய்வதில்லை. மிச்சத்தை அவர்களே குடித்துவிடுகிறார்கள். மதுவின் தீங்கு பற்றி தமிழ்நாட்டு வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதும் இல்லை. நமக்கு வேண்டியது வேறு. தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் பச்சைத் திராட்சை என்ற பெயரிலேயே ஒரு நாட்டு வழக்கு வகை பரவலாகப் பயிரிடப்பட்டது. வடக்கே அதைப் போக்ரி என்பார்கள். இன்று கம்பம் பள்ளத்தாக்கில் பெரும்பகுதி பன்னீர் மட்டுமே. தேனி மாவட்டம் ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திண்டுக்கல், மதுரை, தேனிப் பக்கம் யாருடைய தோட்டத்திலாவது பழைய பச்சைத் திராட்சைக் கொடி இன்னும் இருந்தால், அதை வெட்டுவதற்கு முன் அந்த நிலையத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். கவாத்துக் குச்சி நாலைந்து கொடுத்தாலே போதும்.